நீலக் களி

தெம்வாவின் அப்பாவுக்கு,

நீங்களும் நம் மகளும் நன்றாக எழுந்தீர்களா? உங்கள் இருமல் நின்றதா? நான் நலம்.

இன்று வகுப்பில் குழந்தைகள் பாம்பு உருட்டி விளையாட, மக்காச்சோள மாவில் உப்பும் நீலச் சாயமும் போட்டுக் கிண்டி வைத்தேன். சாப்பிடுகிற களி என்று நினைத்து எல்லாரும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு வயது லுசுங்கு ஒரு துண்டைப் பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி வைத்து, "டீச்சர், கீரை எங்க?" என்றான்.

"இது வெளையாடுற மாவுடா. திங்கக் கூடாது."

"அப்ப நீங்க தின்னுங்க" என்று எனக்கு ஊட்டிவிட்டான். ஒரே உப்பு. விழுங்கிவிட்டேன்.

இங்கே லிலோங்வேயில் குளிர். என் சிவப்புப் போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். கடிதம் வாங்கிக்கொள்ள நம் ஊர்ப் பேருந்தின் ஓட்டுநர் வாசலில் நிற்கிறார்.

தெம்வா தானே சாப்பிடுகிறாளா? களியில் குழி வைக்க அவளுக்கு இன்னும் வரவில்லை என்றால், நான் வரும்வரை கற்றுக்கொடுக்க வேண்டாம்.

தவோங்கா