கூடத்தில் சுற்றும் மலை

திருத்தணி, சித்தூர் ஜில்லா
ஹேவிளம்பி வருஷம் மாசி மாதம் 3-ந் தேதி

சௌபாக்கியவதி அபிராமசுந்தரிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இவ்விடம் நானும் உங்கப்பாவும் சௌக்கியம். அவ்விடம் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்னு நீ வாராவாரம் எழுதறியே, அந்த வரியை இனிமே நான் நம்பறதா இல்லை. மார்கழியில மாப்பிள்ளை போட்ட கார்டை உங்கப்பா முந்தாநாள்தான் என் கையில கொடுத்தார். உனக்கு உதிரம் கண்டு கரக்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாள் படுத்திருந்தாயாம், பிரசவம் ஆகறவரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காளாம், ரெயில் ஏறவே கூடாதாம். அடி பாவி, பெத்தவளுக்கு ஒரு வார்த்தை எழுதினாயா? அங்கே நீ மறைக்க இங்கே அவர் மறைக்க, நடுவுல நான் ஒரு பைத்தியம் உனக்கு சீமந்தப் புடவை எந்தக் கலர்ல எடுக்கலாம்னு யோசிச்சிண்டிருந்தேன். கோபம் இருக்கட்டும், அதை நேர்ல வெச்சுக்கறேன். இது ஏழாம் மாசம், முன்னாடி ரெண்டும் அஞ்சாம் மாசத்துலயே போயிடுத்து, இது அதைத் தாண்டிடுத்து, அதுவே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி இருக்கு. இப்போ நான் எழுதப்போறது இங்கே கூடத்துல நடந்த ஒரு விஷயம். நான் கண்ணால பார்க்காம இருந்தா யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன், பொறுமையா படி, உனக்குத்தான் படுத்துண்டு படிக்க வேண்டிய வேளை நிறைய இருக்கே.

உனக்காக நான் ஒரு மண்டலம் வேண்டிண்டது உனக்குத் தெரியும். நாற்பத்தெட்டு நாள், தினம் மலையேறி சந்நிதியைப் பதினோரு சுத்து பிரதட்சிணம். கார்த்திகை ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சேன், விடியறப்போ உங்கப்பா மடப்பள்ளிக்குத் தளிகை பண்ணப் போறபோது அவரோடேயே ஏறிடுவேன். இருபத்தொன்பதாம் நாள் இறங்கறச்சே படியில பனி ஈரம், வழுக்கி விழுந்து தொடை எலும்பு போச்சு. வெறும் சுளுக்குன்னு உனக்கு எழுதச் சொன்னது நான்தான், அந்தப் பொய் என்னுது, ஒத்துக்கறேன். வண்டி வெச்சு புத்தூருக்குத் தூக்கிண்டு போய்க் கட்டு போட்டுண்டு வந்தா, மூங்கில் பத்தையும் முட்டையும் துணியுமா இறுக்கி, மூணு மாசம் கால் ஊனக்கூடாதுன்னுட்டா. வலியில அழலைடி. பத்தொன்பது நாள் பாக்கி நின்னுபோச்சே, குழந்தை பிறக்கறதுக்குள்ள முடிக்கணுமே, வேண்டிண்டு பாதியில விட்டா உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுமோன்னுதான் ராத்திரியும் பகலுமா அழுதேன். டோலியில தூக்கிண்டு போய் சுத்தச் சொல்லட்டுமான்னு உங்கப்பா கேட்டார், புத்தூர்க்காரர் ஆடக்கூடாது அசையக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார்.

அப்புறம் ஒரு நாள் உங்கப்பா மலையிலிருந்து இறங்கி வந்தவர், பரண்ல இருந்த உன் தம்பி அம்பியோட ஓட்டை சைக்கிளை இறக்கி முன் சக்கரத்தைக் கழட்ட ஆரம்பிச்சார். மனுஷனுக்கு பித்துப் பிடிச்சுடுத்துன்னு நினைச்சேன். போன ஆவணியில மெட்ராஸ்ல ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போனாரே, அப்போ சைனா பஜார்ல ஒரு கடைக் கண்ணாடிக்குள்ள ஒரு வட்டப் பலகை மேல ரேடியோ ஒண்ணு தானாவே மெதுவா சுத்திண்டிருந்ததாம், யாரும் தொடலையாம், அதைப் பார்த்துண்டே நின்னு ரெயிலைக் கோட்டை விட்டுட்டு வந்தார். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டாராம், சீமை மிஷின், விலை சொன்னா உமக்குத் தாங்காதுன்னு கடைக்காரர் சொன்னாராம். அந்த ரோஷம் அவருக்குள்ள இருந்திருக்கு. ரேடியோவை சுத்தவிடறவன் மலையை ஏன் சுத்தவிடக்கூடாதுன்னு என்கிட்ட கேட்டார். நீ மலையைச் சுத்த முடியலேன்னா மலை உன்னைப் பார்த்துச் சுத்தட்டும்னார். எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

அரக்கோணத்துல ரெயில்வேயில மின்சார வேலை பார்க்கிற பிரபுதாஸ்னு ஒருத்தர், உங்கப்பா கையால பொங்கல் சாப்பிட்டுப் பழகினவர், ஞாயித்துக்கிழமை மாதாகோயிலுக்குப் போயிட்டு நேரா நம்மாத்துக்கு வருவார். அவர் வீட்டுல யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துட்டுத் திரும்ப வாங்கிண்டு போகாத மேஜை விசிறி ஒண்ணு கிடந்தது, அதைத்தான் தூக்கிண்டு வந்தார். சைக்கிள் சக்கரத்தைப் படுக்கப் போட்டு ஒரு பழைய முக்காலியில அச்சை முடுக்கினா. விசிறியோட இறக்கையைக் கழட்டிட்டு அதோட மூக்குலேர்ந்து நேரா ஒரு கயிறு சக்கரத்துக்கு. ஸ்விட்சைப் போட்டாரோ இல்லையோ, ஐயோ, அது சுத்தின வேகத்துக்கு மேலே வெச்சிருந்த அரிசி முறம் பறந்து போய் அடுத்தாத்து பத்மா மேல விழுந்தது. அவள் முறத்தைத் தலையில வெச்சுண்டே, மாமா இது மலையா மாவு மிஷினான்னு கேட்டாள் பாரு, கால் வலியை மறந்து சிரிச்சேன். அப்புறம் பிரபுதாஸ் யோசிச்சார். விசிறி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டறதில்லையா, அதுக்குன்னு பின்னாடி ஒரு சின்ன டப்பாவுக்குள்ள பல்சக்கரம் இருக்காம், அது மெதுவாத்தான் சுத்துமாம், ஆங், அதுல கட்டுனா சரியா வரும்ங்கன்னார். அந்தச் சின்ன அச்சுல ஒரு நூல்கண்டுக் கட்டையை மாட்டி, அம்மையார்குப்பத்து நெசவுக்காரா ராட்டினத்துக்குப் போடற கயிறை வாங்கி வந்து, வழுக்காம இருக்கக் குங்கிலியம் தடவி, அங்கேர்ந்து சைக்கிள் சக்கரத்தைச் சுத்திக் கட்டினா. இறக்கை இல்லாம மோட்டார் பத்து நிமிஷத்துல கொதிச்சுப் புகை வாசனை அடிச்சது, டால்டா டின் தகரத்துல சின்னதா நாலு இலை வெட்டி முன்னாடி மாட்டினதும் அதுவும் அடங்கிடுத்து. எல்லாம் சேர்த்து ஆறு ரூபாய்கூட ஆகலைடி.

மலை பண்ணினதைச் சொல்றேன் கேளு. பழைய பஞ்சாங்கம், மளிகைப் பொட்டலக் காகிதம் எல்லாத்தையும் மூணு நாள் ஊறப்போட்டு வெந்தயம் சேர்த்து என் ஆட்டுக்கல்லுல அரைச்சார், இன்னிக்கும் இட்லியில வெந்தய வாடை போகலை. அந்தக் கூழை அப்பி அப்பி மலை. படி முன்னூத்து அறுபத்தஞ்சையும் என் ஈர்கொல்லிச் சீப்பால கீறினார், எண்ணிப் பார்த்துக்கோன்னு சவால் வேற. மேலே கோபுரம், கொடிமரம், மூலையில மடப்பள்ளி, புகைக்கூண்டுகூட ஒரு கிராம்பைக் குத்தி வெச்சிருந்தார். பொங்கலுக்கு மறுநாள் விளக்கு வெச்சதும் என்னைத் தலகாணி வெச்சு உட்கார்த்தி, எதிரே சுவாமி வாசல் என்னைப் பார்த்து நிக்கற மாதிரி வெச்சு, ஸ்விட்சைப் போட்டார். சத்தமே இல்லை. மலை நகர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது அபிராமி, கையைக் கூப்பினவள் கூப்பினபடியே இருந்துட்டேன், முப்பது வருஷமா நான் தேடிண்டு போன மலை படியேற முடியாதவளுக்காகத் தன் முதுகையும் தோளையும் திருப்பித் திருப்பிக் காட்டறது. பத்மா விழுந்து நமஸ்காரம் பண்ணினாள். ஒரு சுத்து முடிய எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா, சரியா நான் மேலே நடந்து சுத்தற நேரம். எப்படி அமைஞ்சதுன்னு கேட்டேன். தினம் நீ மடப்பள்ளி வாசலைக் கடந்து போவியே, ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் நடுவுல சாதம் எவ்வளவு வேகறதுன்னு எனக்குத் தெரியாதா, அதுக்குத் தகுந்த மாதிரி நூல்கட்டையைச் செதுக்கினேன்னார். என் நடையை அந்த மனுஷன் அடுப்பு முன்னாடி உட்கார்ந்து கவனிச்சிண்டிருந்தார்ங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அஞ்சு நாள் அப்படியே ஆச்சு, தினம் பதினோரு சுத்து. ஊரே வந்து பார்த்தது, பள்ளிப்பட்டு பஸ்ஸுல வந்த ஜனங்கள்கூட வாசல்ல செருப்பை விட்டுட்டு உள்ளே வந்துடுவா. ஆனா எனக்கு என்னமோ உறுத்திண்டே இருந்தது, எதுன்னு தெரியலை. ஆறாம் நாள் ஸ்விட்ச் போட்டதும் புரிஞ்சுடுத்து. மலையில வாசல்லேர்ந்து கிளம்பினா எனக்கு முதல்ல எதிர்ப்படறது மடப்பள்ளிதான், நெய் வாசனை அடிக்கும். இங்கே முதல்ல யாகசாலை வரது, மடப்பள்ளி கடைசியா வரது. நிறுத்துங்கோன்னு கத்தினேன். அவர் ஒத்துக்கலை, வலமாத்தானே சுத்தறது, கடிகார முள் மாதிரி, நான் பார்த்துத்தானே வெச்சேன்னு சண்டைக்கே வந்துட்டார். அப்புறம் சுவாமி வாசல்ல ஒரு குங்குமப் பொட்டு வெச்சு, என் நேருக்கு நிறுத்தி, கையால கொஞ்சம் தள்ளி, இப்போ உன் எதிர்ல எந்தப் பக்கம்னு கேட்டார். வடக்குப் பக்கம். வலம் போறவள் தெற்கேன்னா போயிருக்கணும்? மலை வலமா சுத்தினா உட்கார்ந்திருக்கிறவள் இடமா போறாள்டி! அஞ்சு நாளும் அம்பத்தஞ்சு சுத்தும் நான் அப்பிரதட்சிணம் பண்ணியிருக்கேன். நல்லதுக்கு யாராவது அப்படிச் சுத்துவாளா, செத்தவாளுக்குப் பண்ற அபர காரியத்துக்கன்னா அப்படிச் சுத்தறது! என் பொண்ணு வயித்துல இருக்கிற குழந்தைக்கு என் வாயால வேண்டி என் கண்ணால இப்படிப் பண்ணிட்டேனேன்னு அடிச்சுண்டு அழுதேன். உங்கப்பா அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். ஒரு தப்புக்கு இந்த மனுஷன் ஏன் இப்படி இடிஞ்சு போறார்னு அப்போ எனக்குத் தெரியலை. அந்தக் கார்டு அவர் மடியில இருந்தது எனக்கு எங்கே தெரியும், உனக்கு உதிரம் கண்ட சேதியை ஒத்தை ஆளா மனசுல வெச்சுண்டுதான் அவர் மூணு வாரமா அந்தச் சக்கரத்தோட மல்லுக்கட்டியிருக்கார். எனக்குச் சொன்னா கட்டோட தவழ்ந்தாவது படியேறிடுவேன்னு பயமாம்.

எழுந்தவர் சட்டையைக்கூட மாட்டிக்காம மேல்துண்டோட அரக்கோணத்துக்கு அடுத்த வண்டியைப் பிடிச்சார். மோட்டாரை மாத்தணுமோ, பல்சக்கரம் உடைக்கணுமோன்னு நான் இங்கே தவிச்சிண்டிருந்தேன். பிரபுதாஸ் கதையைக் கேட்டுட்டு, மோட்டார் எந்தப் பக்கம் சுத்தினா என்னன்னு இத்தனை நாள் இருந்துட்டேனேங்கன்னு அவரும் வருத்தப்பட்டு, கயிறைக் கழட்டி நடுவுல ஒரு தடவை குறுக்கே போட்டு எட்டு மாதிரி மாட்டுங்க, சக்கரம் தானா எதிர்ப்பக்கம் போகும்னு சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். ஒரு குறுக்கு. வந்து மாத்தி மாட்டி ஸ்விட்சைப் போட்டார், வாசல் வலது கைப்பக்கம் மெதுவா விலக, இடது பக்கத்துலேர்ந்து அந்தக் கிராம்பு எட்டிப் பார்த்தது, மடப்பள்ளி வந்துடுத்து! எனக்கு நெய் வாசனையே அடிச்சதுன்னா சிரிப்பாய், சிரி. என் கால் கட்டுக்குள்ள கிடக்கு, நான் பிராகாரத்துல வலமா நடந்துண்டிருக்கேன். தப்பாப் போன அஞ்சு நாளை அழிக்க அஞ்சு நாள், பாக்கி பத்தொன்பது, ஆக இருபத்துநாலு நாள். குருக்கள் அதெல்லாம் வேண்டாம், சுவாமிக்குத் தெரியாதான்னு சொன்னார், அவர் பொண்ணா கரக்பூர்ல இருக்கா? ஒண்ணையும் குறைக்கலை. சாயங்காலம் தெரு விளக்கெல்லாம் எரிஞ்சா கரண்ட் இளைச்சு மலை அசந்து அசந்து போகும், அன்னிக்குப் பதினோரு சுத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகும், கண்ணை எடுக்கமாட்டேன்.

முந்தாநாள் சாயங்காலம் கடைசிப் பதினோராவது சுத்து முடிஞ்சு வாசல் என் நேருக்கு வந்து நின்னது. கற்பூரம் காட்டினார். அப்புறம்தான் மடியிலேர்ந்து கார்டை எடுத்து நீட்டினார். படிச்சு முடிச்சு நான் திட்ட வாயைத் திறந்தா, அவர் மறுபடியும் ஸ்விட்சைப் போட்டுட்டு என் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துண்டார். ஏன்னா, அதான் முடிஞ்சுடுத்தே, இன்னும் எதுக்குன்னு கேட்டேன். உன்னுது முடிஞ்சது, இது என்னுதுன்னார். அபிராமி, முப்பத்துநாலு வருஷம் அந்த சுவாமிக்குச் சமைச்சுப் போட்டவர், ஒரு நாள் ஒண்ணு வேணும்னு கேட்டதில்லை. உன் முதல் குழந்தை போனப்போ கேளுங்கோ கேளுங்கோன்னு நான் சண்டை போட்டேன், சோறு போடற கையாலேயே யாசகம் கேக்கறதா, எனக்குக் கூச்சமா இருக்குன்னு மறுத்துட்டார். ரெண்டாவது போனப்பவும் அடுப்பைப் பார்த்துண்டு நின்னாரே தவிர வாயைத் திறக்கலை. அந்த மனுஷன் கையைக் கூப்பிண்டு, மலை தன் முன்னால சுத்தச் சுத்த, விரலை மடக்கி எண்ணிண்டு, உன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேக்கறார். நேத்தும் கேட்டார். இன்னிக்கும் இதோ நான் எழுதிண்டிருக்கறச்சே கேட்டுண்டிருக்கார், ஏழாவது சுத்து.

நீ கட்டிலை விட்டு இறங்காதே, தண்ணிக் குடம் உன் கண்ணுலயே படக்கூடாது, சமைக்க மாப்பிள்ளைக்குத் தெரியலேன்னா கத்துக்கட்டும், நீ பிறந்தப்போ உங்கப்பா தளிகை முடிச்சு வந்து எனக்கும் சமைச்சுப் போட்டவர்தான். உளுந்து நிறைய சேர்த்துக்கோ. பிரபுதாஸ் அவா கோயில்ல உனக்காக ஜபம் பண்ணச் சொல்லியிருக்கார், அவருக்கும் ரெண்டு வரி எழுது. உடம்பு எப்படி இருக்கோ அப்படியே எனக்கு எழுது, ஒளிக்காதே. உங்கப்பாவுக்குத் தனியா கார்டு போட்டா அவர் வேண்டிண்டது உனக்குத் தெரியும்னு மட்டும் காட்டிக்காதே, கூச்சப்பட்டு எழுந்து போயிடுவார், அவருக்கு இன்னும் நாற்பத்தஞ்சு நாள் இருக்கு. நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசா இருக்க முருகன் முன்னாடி நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கோம்.

உன் அம்மா
ஜகதாம்பாள்