ரேடியோவில் வராத சங்கதி

ஆடி மூன்றாம் வெள்ளி, திருச்சானூர்.

சாயந்திரம் என்னிடம் பாட்டு கற்க நாலே பிள்ளைகள் வந்தார்கள். ஆடி பிறக்கும்போது பதினொன்று. மீதி ஏழும் எதிர்வீட்டு சுனிதாவிடம் போய்விட்டன. அவள் ஹைஸ்கூலில் பாட்டு மிஸ், டிப்ளமா வாங்கியவள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் கீபோர்டு வேறு அனுப்பியிருக்கிறார். நான் ரேடியோ கேட்டே கற்றவள்.

பத்தாங்கிளாஸ் தேவிகா நம்ம கோயில் தாயார்மேல் உள்ள பாட்டைப் பாடிக்கினு இருந்தபோது சுனிதாவே வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டாவது அடிய வளைச்சுப் பாடுற அந்த சங்கதி பலே நல்லா இருக்குதே! யார் சொல்லிக் குடுத்தது?"

"அத்தைதான் மிஸ்," என்றாள் தேவிகா.

"எனக்கும் சொல்லிக் குடுங்கக்கா. ஸ்கூல் விழாவுல பாட வைக்கிறேன்."

இதையும் தூக்கிக்கினு போகப் போகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. "ரேடியோவுல எப்பவோ வந்ததும்மா. எனக்கே சரியா ஞாபகம் இல்ல," என்றேன்.

"எனக்கு ஞாபகம் இருக்குது மிஸ்!" என்று அந்தப் பெண் மூன்று தடவை பாடிக் காட்டியது. சுனிதா எழுதிக்கொண்டாள். "யாரோ பெரிய வித்வான் போட்டதுக்கா இது," என்றாள்.

அந்தப் பாட்டு ரேடியோவில் வந்த அன்று கரண்ட் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தை, இந்த சங்கதியையும் சேர்த்து, மாவாட்டிக்கினே நான்தான் போட்டேன். நாளைக்குப் போய் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தாயாரே, பொய் சொன்னதை மன்னித்துவிடு. அவள் வித்வான் என்றபோது எனக்கு உள்ளுக்குள் இனித்ததே, அதையும் மன்னித்துவிடு.