மாமனார் பெயர்

கோபேனி,
ஆகஸ்ட் 1997

அன்பு மகள் சூகிஸ்வாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், கேப் டவுன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நெஞ்சுச் சளியைச் சும்மா விடாதே, நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது பார். கறுப்புப் பசு கன்று போட்டது.

நம் அரசுப் பள்ளிக்கு உன் தாத்தா பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்கக் கவுன்சிலர் கோக்வானா நாயாய் அலைந்தது உனக்குத் தெரியும். அந்தக் காலத்துல வெள்ளைக்கார அரசாங்கம் பள்ளியை எடுக்க வந்தப்ப சாவியைத் தூக்கிக் குடுத்த ஆளு, அவரு பேரு எதுக்குன்னு ஊரெல்லாம் பேசினான். நேற்று விசாரணை. அன்றைக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான், உன் பெரியப்பா அப்போது சுரங்கத்தில் இருந்தார். அவர் முந்தின நாளே என்னிடம் வந்து, மாம்பெலே, என்ன வேணா சொல்லு, எங்கப்பா பேரு மட்டும் உன் வாயில வந்துச்சு, அப்புறம் இந்த வீட்டுல உனக்கு எடமில்லைன்னு சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா இருந்திருந்தால் தேவலை என்று அழுதேன். மாமனார் பெயரை மருமகள் சொல்லலாமா? வானத்திலிருந்து விழும் ஈரத்துக்கும் அதே பெயர் என்பதால் அதைக்கூட நான் சொன்னதில்லை, மேலேருந்து ஈரம் வருது, துணியை எடு என்பேன், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

கூடத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். புது மருமகளாய் அவர் கட்டிய பள்ளிச் சுவருக்கு நான் மண் குழைத்தது, அரசாங்க ஜீப் வந்த அன்று அவர் கதவை மறித்து நின்றது, கணக்குப் பாடத்தை நிறுத்த மாட்டோம்னு எழுதிக் குடு, சாவி தர்றேன் என்றது, வந்தவர்கள் அவரைக் கீழே தள்ளிப் பூட்டை உடைத்தது எல்லாம். அதிகாரி நகரத்தில் வளர்ந்த பெண், அவரு அவருங்கிறீங்களே, யாரும்மா அந்த அவரு, பேரு சொன்னாத்தான் சாட்சி என்றாள். பெரியப்பா வாயைத் திறந்தார். உடனே கோக்வானா, யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது, அவங்க வாயாலயே வரட்டும்னு சிரித்தான். அவனுக்கு வழக்கம் நன்றாகத் தெரியும், பாவி.

தோள் போர்வையை இறுக்கிக்கொண்டு எழுந்து அந்தப் பெயரைச் சொன்னேன். பெண்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கம்மா என்றாள்.

பெரியப்பா கைத்தடியை ஊன்றி என் பக்கம் வந்தார், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்து எனக்கு முன்னால் நின்று, அவ ஒரு தடவை சொன்னது போதும், இனி நான் சொல்றேன், நான் அவரு மகன் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

பள்ளிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனாலும் மீறியது மீறியதுதான். என் பிறந்த வீட்டிலிருந்து ஆடு ஓட்டி வந்து முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குக் கிளம்புகிறேன். அவ்வளவு தூரம் தனியா எதுக்கு, நானும் வர்றேன், ஆட்டை நான் பிடிச்சிக்கிறேன் என்கிறார் பெரியப்பா.

முன்னோர்களும் கடவுளும் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். டிசம்பரில் வரும்போது பெரியப்பாவுக்கு ஒரு நல்ல கம்பளிக் கோட்டு வாங்கி வா, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா