அந்தப் பாட்டுக்கு நான் வாசித்த கிட்டார்

மார்ச் 4
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று என் மூக்குக்கண்ணாடிக் கடையில், பழுதுபார்க்க வந்த ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியை மைக்காகப் பிடித்துக்கொண்டு பாடினேன். அவர் எதிரிலேயே நின்றிருந்தார். கண்ணாடி என் கையில் இருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரேடியோக்காரன்தான் காரணம். கல்லூரி விழாவில் எங்கள் குழு வாசித்த காதல் பாட்டை இத்தனை வருடம் கழித்துப் போட்டுவிட்டான். என் கிட்டாருக்கு நாலே நாலு கார்ட்ஸ், அசட்டு வரிகள். ஆனாலும் அந்த "ஏ... ஏஏ..." வந்ததும் இந்தத் தொப்பை ஏன் துள்ளுகிறது?

மார்ச் 5
திருப்புளிகூட அந்தத் தாளத்தில்தான் சுற்றுகிறது. இரண்டு ஃபிரேம் காலி.

மார்ச் 9
இருபத்திரண்டாம் தேதி எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். அவளுக்கு அந்தப் பாட்டை வாசிக்கப் போகிறேன். அதைக் கேட்டுத்தானே எனக்குக் கழுத்தை நீட்டினாள்! அன்று மேடையோரம், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கைதட்டலில் கூரை பெயர்ந்தது.

இப்போது எங்கள் பேச்சு "கேஸ் தீந்துடுச்சு", "மாத்திரை போட்டாச்சா" என்பதோடு சரி. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்த்துவிட மாட்டேனா?

மார்ச் 15
பரணிலிருந்து கிட்டாரும் ஸ்பீக்கரும் இறங்கின. வாசித்துப் பார்த்தேன். மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அம்மாவுக்குப் பரிசுன்னுதானே சொன்னீங்க?"

மார்ச் 17
விரல் நுனியெல்லாம் கொப்புளம். காதல் என்றால் சும்மாவா.

மார்ச் 22
கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருக்க, ஆரம்பித்தேன். மகள் பாடினாள். நான் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தேன். திறந்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் இவள். கையில் என் கிட்டார் வயர். பிடுங்கிவிட்டு, மகளோடு சேர்ந்து கடைசி வரை பாடுகிறாள்!

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் சமையலறையில் மடக்கிக் கேட்டேன்.

"அன்னைக்கும் நான்தான் பிடுங்கினேன். எனக்குப் பாட்டு கேக்கணும்ல."

"அப்புறம் எதுக்குடி என்னைப் பாத்துச் சிரிச்ச?"

"சத்தமே வரலைன்னு தெரியாம, கண்ணை மூடிக்கிட்டு அப்படி ஒரு உருக்கம்! இப்படி ஒரு ஆளான்னு..."

முடிக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதே சிரிப்பு. பாவி, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 23
காலையில் அந்தப் பாட்டை முணுமுணுத்தபடியே காபி கொண்டுவந்து வைத்தாள். மாத்திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

டிரம்ஸ் வாசித்தவனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். குழுவில் எல்லாருக்கும் அன்றே தெரியுமாம். நாங்கள் ஏறிய ஐந்து மேடைகளில் கைதட்டல் விழுந்தது அந்த ஒன்றில்தானாம்.