அக்காவின் கல்யாணமும் என் அம்மையும்

ஆகஸ்ட் 27, புதன்

காலையிலிருந்து மழை. காய்ச்சல். முதுகில் நாலைந்து கொப்புளம். கொசுக்கடி என்று நினைத்தேன். மதியத்துக்குள் கழுத்து, வயிறு, முடிக்குள்ளும். கிளினிக்கில் டாக்டர் தள்ளி நின்றே பார்த்தார். சின்னம்மை. எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. விமானத்தில் போகலாமா என்று கேட்டேன். கூடாது என்று தலையை ஆட்டினார்.

ஞாயிறு மதுரைக்கு டிக்கெட். அடுத்த வியாழன் செல்வி அக்கா கல்யாணம்.

விஷயத்தைச் சொன்னதும் கீர்த்தனா பெட்டியை இறக்கிவிட்டாள். அடுத்த கட்டில், கோயம்புத்தூர்க்காரி, தினமும் என்னோடு பஸ்ஸில் வருகிறவள். "சாரிடி சுபா, எனக்கு இன்னும் வந்ததில்ல. எக்ஸாம் வேற." தப்பு சொல்ல முடியாது. நானும் ஓடியிருப்பேன்.

மிச்சம் லான். வியட்நாம் பெண், மூன்றாவது கட்டில். இத்தனை மாதத்தில் குட்மார்னிங்குக்கு மேல் பேசியதில்லை. அவளுடைய மீன் சாஸ் வாடைக்கு நானும் கீர்த்தனாவும் மூக்கைப் பொத்துவோம். லான் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். தன் புருவத்துக்கு மேலிருந்த பள்ளத்தைக் காட்டினாள். சின்ன வயதில் அவளுக்கும் வந்ததாம். அவள் அறையைவிட்டுப் போகவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீட்டுக்கார பரிமளா அக்கா கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பேசினார்.

"தப்பா எடுத்துக்காத சுபா. மருமக முழுகாம இருக்கா, டெய்லி இங்கதான் வந்து சாப்பிடுறா. நீ வேற ரூம் பாரு லா."

‘ரூம்’ என்ற சொல்லிலேயே புரிந்துவிட்டதுபோல, நான் வாய் திறப்பதற்குள் லான் எழுந்தாள். "எங்கே போவாள் ஆன்ட்டி? இந்த முகத்தோடு யார் உள்ளே விடுவார்கள்?" அவளுடைய ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரியும். ஆனால் குரல் ஏறவே இல்லை.

கடைசியில் முடிவு: நான் ஹாலுக்கு வரக்கூடாது. பின்பக்கக் குளியலறை மட்டும். மருமகள் கொஞ்ச நாள் தன் அம்மா வீட்டில் சாப்பிடுவாள்.

கதவு சாத்தியாயிற்று. கீழே ஹார்ட்வேர் கடையில் நாள் முழுக்கக் குழாய் அறுக்கும் சத்தம்.

அம்மா வீடியோவில் இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அரிக்கும் இடங்கள்: காதுக்குள், கால்விரல் இடுக்கு, நாக்கு.

வாய்ஸ் காலில் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன். பரீட்சைத் தேதி மாறிவிட்டது, வர முடியாது.

வேறு என்ன செய்ய. மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவர். பங்காளி வீட்டுச் சாவால் ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போனது. எனக்கு முத்துப் போட்டிருக்கிறது என்று தெரிந்தால் அம்மா அடுப்பில் தாளிக்கக்கூட மாட்டாள். மாரியம்மன் வந்திருக்கும்போது கல்யாணமா என்பாள். பந்தக்கால் நட்ட வீடு.

அப்பாவிடமிருந்து அக்கா போனை வாங்கினாள்.

"கூடப் பொறந்தது நீ ஒருத்திதான். அதுக்குக்கூட வர முடியாதா? அங்க இருக்கிற ஃப்ரெண்ட்ஸ்தான் பெருசாப் போச்சு உனக்கு."

வைத்துவிட்டாள்.

எந்த ஃப்ரெண்ட்ஸ்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெயில். விமானம் போயிருக்கும்.

லானுக்கும் எனக்கும் சண்டை, ஃபேனுக்காக. அம்மைக்குக் காற்றே படக்கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஜன்னலையும் சாத்திவிட்டாள். செத்துப்போவேன் என்றேன். ஃபேன் இப்போது சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது.

வேப்பிலை வேண்டும் என்று கேட்டிருந்தேன். நம் ஊர்ச் சாமான் கிடைக்கும் தெக்கா சந்தைக்கு நடந்து போனாள். துவாஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளின் தொழிலாளிகள் எல்லாம் லீவுக்கு வந்திருப்பார்கள், தெருவே நகராது. வேர்த்து விறுவிறுத்து வந்து நீட்டினாள். கறிவேப்பிலை. ஒரு பெரிய கட்டு. சிரித்தேன். சிரித்தால் கன்னத்தில் வலிக்கிறது. அவளுக்குக் கோபம். விளக்கிச் சொன்னதும் திரும்பவும் போனாள்.

சாயங்காலம் பச்சைப்பயறுக் கஞ்சி வைத்தாள். நம் ஊரிலும் உண்டே என்றேன். நம்பவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டேன். இந்த அறையின் சுவர், கூரை, ட்யூப்லைட், எல்லாம் மனப்பாடம். கதவைத் திறந்து ஹால்வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பலாம் என்று தோன்றியது. கதவுக் குமிழில் கை வைத்தேன். லான் பார்த்தாள். எடுத்துவிட்டேன்.

கீர்த்தனா மெசேஜ்: கெட் வெல் சூன். மூன்று பூ.

லானிடம் கல்யாண விஷயத்தைச் சொன்னேன். நகம் வெட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு அவள் சொன்னது: போன வருஷம் அவளுடைய அம்மா மறுமணம் செய்துகொண்டார். மகள் படிப்பு கெடும் என்று அவளிடம் மறைத்துவிட்டார். மாமா மகள் அனுப்பிய போட்டோவில்தான் லான் பார்த்தாள்.

"நல்லதுக்குத்தான் மறைத்தார்கள். தெரியும். இன்னும் அம்மாவிடம் சரியாகப் பேச முடியவில்லை. நீ அக்காவிடம் சொல்லிவிடு."

முடியாது என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு மிச்ச நகத்தை வெட்டினாள்.

செப்டம்பர் 4, வியாழன்

மண்டபத்து லைவ் லிங்க் வந்திருந்தது. லான் வகுப்புக்குப் போகவில்லை. கட்டிலில் லேப்டாப்பை வைத்து இருவரும் பார்த்தோம்.

"ஏன் புகை?"

"ஹோமம்."

"உன் அக்கா ஏன் சிரிக்கவில்லை?"

நாத்தனார் முடிச்சுப் போட மாப்பிள்ளையின் தங்கை. அக்கா பக்கத்தில் நான் நிற்க வேண்டிய இடத்தில் சித்தி மகள், என் பச்சைப் பட்டில். தாலி ஏறியபோது கெட்டிமேளத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. அழுதேன். உப்பு பட்டு எரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கூப்பிட்டாள். வீடியோ. கேமராவை அணைக்கப் போனேன். லான் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே எடுத்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மாலையோடு எழுந்து போய் மணமகள் அறைக் கதவைச் சாத்தினாள்.

"எப்பலருந்துடி?"

"போன வாரம் புதன்."

"எங்கிட்டகூட சொல்லல."

"சொன்னா கல்யாணம் நின்னுரும்னுதான்…"

"மருதாணி வைக்கிறப்பவும் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன். இவர்கிட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சிக்குப் பாசமே இல்லன்னு." கண்மை கரைந்து இறங்கியது. "யாரு பாத்துக்கிறா உன்னை?"

போனைத் திருப்பினேன். லான் அவசரமாகக் கையைக் கூப்பினாள். அக்கா அவளையே பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு ஒட்டிக்காதா?"

"சின்ன வயசுலயே வந்துருச்சாம்."

யாரோ கதவைத் தட்டினார்கள். "செல்வி, சாப்பிட வாம்மா." மாப்பிள்ளையின் அம்மா. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாகிட்ட இப்ப சொல்லாத. மறுவீடு முடியட்டும். நானும் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

போன் அணைந்தது.

"கோபமாக இருக்கிறாளா?" என்றாள் லான். ஆமாம் என்றேன். யார் மேல் என்று கேட்டாள்.

புது வீட்டில், முதல் நாளே, எனக்காக அக்கா சொல்ல ஒரு பொய்.

முதுகில் இரண்டு இன்னும் காயவில்லை.