டேப் டிரைவில் ஒட்டிய குங்குமம்

நேற்று சர்க்கரைப் பரிசோதனைக்காக விரலை நீட்டினேன். செவிலி ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்ததும், ஊசி குத்துவதற்கு முன்பே எனக்கு எரிச்சல் வந்தது. அது உன் வாடை. பஞ்சு சுற்றிய குச்சியோடு நீ குனிந்து நிற்கும்போதெல்லாம் தொலைபேசி அறையில் அதுதான் வீசும். நீ இறந்து ஆண்டுகள் ஆகின்றன. உன்மீது எனக்குள்ள கோபம் மட்டும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது.

கடலூரில் நம் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் நான் இருந்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து, அலுவலகத்தின் தொலைபேசி எக்ஸ்சேஞ்சைப் பராமரித்தவள் நீ. எந்த எண் எந்த மேசையில் ஒலிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இயந்திரத்தின் நினைவில் இருந்தது. வாரந்தோறும் அதை ஒரு டேப்பில் நகலெடுப்பாய். நகல் முடிந்ததாக இயந்திரம் அறிவித்தாலும் நம்பமாட்டாய். "எழுதிட்டேன்னு சொல்றது பெருசில்லக்கா. திருப்பிப் படிக்குதான்னு பாக்கணும்" என்பாய். மனிதர்களிடமும் இந்தச் சோதனையை நீ நடத்தியிருக்கலாம்.

ஆயுத பூஜையன்று மேலாளர் தாமே சந்தனக் கிண்ணத்தோடு வலம் வருவார். வழக்கமாக எக்ஸ்சேஞ்ச் அலமாரியின் கதவில் பொட்டு வைப்பார். அந்த ஆண்டு கதவு திறந்திருந்ததால், டேப் நுழையும் வாய்க்கு மேலேயே சந்தனத்தைத் தடவித் தாராளமாகக் குங்குமத்தைத் தூவினார். தூள் உள்ளே போனால் டிரைவ் கெடும், பக்கத்தில் வைக்கலாமே என்றாயாம். அவர் உன் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிக்கலன்னா வெளியில நில்லுங்கம்மா. பூஜைய தடுக்காதீங்க" என்றாராம். நான் அப்போது வாசலில், நடுச்சாலையில் பூசணிக்காய் உடைத்தவரோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நகலே படிக்கவில்லை. புது டேப் போட்டாய், அதுவும் படிக்கவில்லை. ஆகவே பழுது டேப்பில் இல்லை, டிரைவில். சுத்தம் செய்யும் டேப்பை ஓட்டினாய். சற்று அடங்கி மறுபடி முரண்டு பிடித்தது. கடைசியில் டிரைவைக் கழற்றி, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, குச்சியை என்னிடம் நீட்டினாய். பஞ்சு சிவந்திருந்தது.

நீ அதைத் திரும்பப் பொருத்துவதற்குள் ஐப்பசி இடி இறங்கி எக்ஸ்சேஞ்சின் நினைவை அழித்துவிட்டது. பூஜைக்கு முந்தைய டேப் மட்டுமே படித்தது. அதற்குப் பிறகுதான் மேசைகள் இடம் மாறியிருந்தன. மேலாளருக்கு வந்த அழைப்புகளெல்லாம் கேன்டீனில் ஒலித்தன. சமையல்காரர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

விசாரணைக்கு உன்னை மட்டும் அழைத்தார்கள். டிரைவுக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்கு நீ சொன்ன பதில், தூசி. தூசி என்றால் துடைக்காமல் விட்ட குற்றம் உன்னுடையது. கம்மாபுரம் கிடங்குக்கு உன்னை மாற்றினார்கள்.

வெளியே வந்தவளிடம், ஏனடி பொய் சொன்னாய் என்று சீறினேன்.

"நான் குங்குமம்னு சொன்னா அது வெறும் குங்குமமா இருக்காதுக்கா. எம் பொண்ணும் இங்கதான வேல பாக்குறா. அவ இருக்கணும்."

நேராக மேலாளர் அறைக்குப் போனேன். அது தூசியில்லை, நீங்கள் வைத்த குங்குமம் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, எனக்குத் தோணவே இல்லீங்கம்மா. அடுத்த வருஷம் பக்கத்துல வச்சிடுவோம்." எனக்கு நாற்காலி போட்டுக் காபியும் வரவழைத்தார். உன் மாற்றலைப் பற்றிக் கேட்டேன். "தூசின்னு அவுங்களே ஒத்துக்கிட்டாங்களே" என்றார்.

உன் மகள் வேலையில் நிலைத்தாள். நீ பேருந்து மாறிப் பேருந்து ஏறிக் கிடங்குக்குப் போய்வந்து, அங்கேயே ஓய்வுபெற்றாய். சிதம்பரத்தில் உன் அடக்கத்துக்கு மேலாளர் மாலையோடு வந்தார். நீ மிக அமைதியானவள் என்று என்னிடம் சொன்னார். உன்னோடு ஒருநாளாவது மதியச் சோறு தின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

நீ சொல்ல அஞ்சிய அதே சொல்லை, பொட்டு வைத்த என் நெற்றி சொன்னபோது அது வேடிக்கையாயிற்று. உன் கணக்கு எவ்வளவு சரி என்பதை அந்தக் காபிதான் எனக்கு உணர்த்தியது. அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன். இப்போதும் என் பேச்சுக்கு யாராவது எளிதாகச் சிரித்தால், இதையே நீ சொல்லியிருந்தால் இந்த முகம் எப்படி மாறியிருக்கும் என்று பார்க்கிறேன். அதன்பிறகு அவர்களோடு சேர்ந்து சிரிக்க என்னால் முடிவதில்லை.