இரண்டு மடிப்பு வைத்த பாவாடை

வேங்கடவன் துணை

ஊத்தங்கரை,
26-4-1987

திருமதி முனிலட்சுமி அவர்களுக்கு வெங்கடசாமி எழுதுவது.

எம்பெருமான் அருளால் இவ்விடம் நலம். தங்கள் இல்லத்திலும் நலம் பெருகுக. மருமகன் ராஜப்பன் இன்று வந்து குழந்தைகளை அழைத்துச் செல்கிறார். கோடை விடுமுறை முடியும் வரை அவர்கள் தங்கள் பொறுப்பு. தங்கள் திருமணத்துக்கு நான் வரவில்லை. என் மகள் சரோஜா இருந்த இடத்தில் இன்னொருவரைப் பார்க்கும் திடம் அப்போது எனக்கு இல்லை. ஆகவே பைக்குள் வைத்து அனுப்பும் இக்கடிதமே நம் முதல் அறிமுகம்.

ராஜாத்திக்கு மூன்று உடுப்பு, முனிவேலுக்கு மூன்று உடுப்பு வைத்திருக்கிறேன். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். குழந்தைகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை. நாள்தோறும் துவைத்தால் போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜாத்தியின் பாவாடைகளின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மடிப்புகள் இருக்கும். என் மகள் தன் நோயை அறிந்த பின், படுக்கையில் சாய்ந்தபடி கையால் தைத்தவை. அந்தத் தையலில் ஒரு நூலையும் பிரிக்க வேண்டாம். துவைக்கும்போதும் அந்த இடத்தைக் கல்லில் அடிக்க வேண்டாம்.

ஜூன் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை நானே ஓசூருக்கு வந்து குழந்தைகளை அழைத்துக்கொள்வேன்.

இங்ஙனம்,
வெங்கடசாமி

---

ஜூஜுவாடி, ஓசூர்,
9-5-1987

பெரியவர் அவர்களுக்கு வணக்கத்துடன் முனிலட்சுமி எழுதிக்கொள்வது.

குழந்தைகள் நலம். நீங்கள் எழுதியபடியே துவைக்கிறேன். மடிப்பு உள்ள இடத்தைக் கையால் மட்டும் கசக்குகிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தமிழில் எழுதிப் பல வருடம் ஆகிறது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜாத்தி துணிகளை அலமாரியில் வைக்க விடவில்லை. குளித்துவிட்டு வந்ததும் காய்ந்ததை மடித்து, நீங்கள் கொடுத்த பையிலேயே வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். ஏன் என்று கேட்டேன். "இது ஊருக்குப் போற பை சித்தி. வெளிய வெச்சா போறப்ப மறந்துபோயிரும்" என்றாள். 

நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தும் ஆளுக்கு ஒன்று வாங்கினேன். மன்னிக்க வேண்டும். முனிவேல் புது டவுசரைப் போட்டுக்கொண்டு, மைசூர் பக்கத்து லாரி எத்தனை போகிறது என்று எண்ணுவதற்கு ஓடிவிட்டான். ராஜாத்தி சிவப்புக் கவுனைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. இங்கயே இருக்கட்டும்" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

ஐயா, இது நெடுஞ்சாலை ஓரத்து லைன் வீடு. காலையில் போட்ட துணி மதியத்துக்குள் புகை படிந்து கறுத்துவிடும். நான்கு நாளாகச் சாயங்கால மழை வேறு. பொது வாசலில் ஒரே கொடி. நேற்று மூன்றும் ஈரம். ஒன்றை அடுப்பருகே பிடித்துக் காயவைத்து அவளுக்கு உடுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நஞ்சம்மா அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் கேட்கும்படி, "ஏன் முனிலட்சுமி, மூத்தாள் புள்ளைங்கன்னா துணி எடுக்கக் கை வராதா? பத்து நாளா அதே பச்சைப் பாவாடைதான் கொடியில ஆடுது. சித்தின்னா சும்மாவா!" என்று சிரித்தாள். குடிநீர்க் குழாயடியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் மூன்றுதான் இருக்கிறதா?

வணக்கத்துடன்,
முனிலட்சுமி

---

வேங்கடவன் துணை

ஊத்தங்கரை,
15-5-1987

திருமதி முனிலட்சுமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அண்டை வீட்டார் நாவை அடக்குவதற்காகக் குழந்தைகளுக்கு உடுத்த வேண்டியதில்லை. பகவான் வாமனனாக வந்தபோது ஒரு மான்தோலும் ஒரு குடையும்தான் கொண்டுவந்தான். எளிமையில் வளரும் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

ஆயினும் கேட்டுவிட்டீர்கள். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இங்கே பெட்டியில் இன்னும் இருக்கின்றன. சரோஜா தைத்தவை எட்டுப் பாவாடைகள். மூன்று தங்களிடம். ஐந்து இங்கே. முனிவேலின் சட்டைகளும் டவுசர்களும் ஏழெட்டு உண்டு. அவை இங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் திரும்பி வரும் வீட்டில்தானே அவர்கள் துணி இருக்க வேண்டும்?

இந்த வீட்டில் இப்போது சத்தம் இல்லை. என் மனைவி பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டாள். இந்த இரண்டரை ஆண்டும் அவர்களுக்குச் சோறூட்டித் தலை வாரியது நான்தான். இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டது என் அறுபத்து நான்காம் வயதில். இப்போது விடியலில் பாசுரம் சொல்ல உட்கார்ந்தால் அடிகள் முன்பின்னாகின்றன. எழுந்து பெட்டியைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். வெயிலில் போட வேண்டும் என்று ஐந்தையும் எடுத்து விரிக்கிறேன். வெயில் பட்டால் நிறம் போகுமே என்று உடனே உள்ளே கொண்டுவருகிறேன்.

கவுன் அணிய அவளை வற்புறுத்த வேண்டாம். தையலைப் பற்றி எழுதியதை மீண்டும் நினைவூட்டுகிறேன். ஜூன் ஐந்தாம் தேதி பதினொரு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் இருப்பேன்.

இங்ஙனம்,
வெங்கடசாமி

---

ஜூஜுவாடி,
27-5-1987

பெரியவர் அவர்களுக்கு முனிலட்சுமி வணக்கம்.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

திங்கட்கிழமை ராஜாத்தி லைன் பிள்ளைகளோடு விளையாடப் போனாள். பாவாடை இப்போது அவளுக்குக் கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் ஏறி நிற்கிறது. ஒரு பெண், "ஏய், ஏரித் தண்ணியத் தாண்டறியா? பாவாடையத் தூக்கிக்கிட்டே நிக்கற!" என்று கேட்க, எல்லாப் பிள்ளைகளும் பாவாடையையும் டவுசரையும் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். முனிவேல் ஒருவனைக் கடித்துவிட்டு வந்தான். அவள் அழாமல் வந்தாள்.

மதியம் வீட்டில் அரவமே இல்லை. போய்ப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் அப்பாவின் சவரப் பிளேடால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். நான்கு தையல் பிரித்திருந்தாள். என்னைக் கண்டதும் பிளேடைக் கீழே போட்டாள். "தாத்தாகிட்ட சொல்லிராத சித்தி. பிரிச்சா அம்மா தையல் போயிருமாம். நாலுதான் போச்சு. மறுபடி தெச்சுரு, தெச்சுரு" என்று அப்போதுதான் அழுதாள். பிரிந்த நூலை ஒரு தீப்பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தாள்.

நான் தைக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை. நீங்கள் தொடாதே என்றீர்கள். தொடவில்லை. ஆனால் அவள் தூங்கின பிறகு அந்தப் பாவாடையைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. அந்தத் தையலைத்தான் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் நெருக்கமான சின்னத் தையல். மடிப்பில் மட்டும் பெரிய, நெகிழ்ந்த தையல், ஓர் இழுப்பில் வரும்படி. பிரிக்க வேண்டாம் என்று நினைத்தவர் அப்படித் தைக்க மாட்டார், ஐயா. பிள்ளை வளரும்போது யாரோ ஒருத்தி பிரிப்பாள் என்று தெரிந்துதான் தைத்திருக்கிறார். அந்த ஒருத்தி நான்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

உங்கள் மருமகனுக்குக் குழந்தைகளை இங்கேயே பள்ளியில் சேர்க்க ஆசை. உங்களிடம் கேட்கப் பயந்துகொண்டு ஷிப்டு, ஷிப்டு என்று ஓடிவிடுகிறார். அதனால் நான் எழுதிவிட்டேன். எனக்கும் அதே ஆசைதான். முனிவேல் என் மடியில் தூங்குகிறான். ராஜாத்தி இன்னும் பையில்தான் துணி வைக்கிறாள். நீங்கள் வந்து அழைத்தால் நான் தடுக்க மாட்டேன். பையை நானே தூக்கிக்கொண்டு வந்து பேருந்தில் ஏற்றுவேன்.

வணக்கத்துடன்,
முனிலட்சுமி

---

ஜூஜுவாடி,
5-6-1987

பெரியவர் அவர்களுக்கு,

இன்று பத்து மணியிலிருந்து பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பேருந்துக்கும் ராஜாத்தி எழுந்து நின்றாள். பையைக் கீழே வைக்கவே இல்லை. மூன்று மணிக்கு, "தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்லையோ?" என்று கேட்டாள். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோபமாக இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

முனிலட்சுமி

---

வேங்கடவன் துணை

ஊத்தங்கரை,
10-6-1987

மகள் முனிலட்சுமிக்கு வெங்கடசாமி ஆசியுடன் எழுதுவது.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களைக் காக்கவைத்த பிழை என்னுடையது. வெள்ளியன்று விடியலிலேயே புறப்பட்டேன். கிருஷ்ணகிரி வரை வந்தும்விட்டேன். ஓசூர்ப் பேருந்து எதிரே நின்றது. நடத்துனர் இருமுறை கூப்பிட்டார். ஏறவில்லை. நான் வந்து நின்றால் ராஜாத்தி பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வருவாள். முனிவேல் உன் சேலையைப் பிடித்துக்கொள்வான். அத்தனை சனங்களுக்கு நடுவே அந்தக் குழந்தைகளை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஊத்தங்கரைப் பேருந்திலேயே திரும்பிவிட்டேன்.

வந்து பெட்டியைத் திறந்தேன். ஐந்து பாவாடைகளையும் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதியது உண்மை. இரண்டரை ஆண்டாக நாள்தோறும் எடுத்துப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை. ஒரே முறை திருப்பிப் பார்த்த உனக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணனைக் கட்ட யசோதை எடுத்த கயிறு இரண்டு விரற்கடை குறைந்தது என்று எத்தனை முறை சொல்லி உருகியிருக்கிறேன். பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்பதும் அதே கதைதானே. வாய்தான் சொல்லியிருக்கிறது.

மேல்மடிப்பை நானே பிரித்தேன். கண் மங்கல். ஒரு பாவாடைக்கு ஒரு காலைப்பொழுது சென்றது. ஐந்து நாளில் ஐந்தும் முடிந்தன. வெளியே துணி வெளுத்துவிட்டது. மடிப்புக்குள் மட்டும் கடையில் எடுத்த நாளின் நிறம் அப்படியே இருக்கிறது. சரோஜாவும் நானும் சேர்ந்து போய் எடுத்த துணி. அந்த நிறத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கீழ்மடிப்பைத் தொடவில்லை. அது அடுத்த ஆண்டுக்கானது. அதை நீ பிரி. உன்னிடம் இருக்கும் மூன்றையும் நீயே பிரி, ராஜாத்தி தொடங்கிய இடத்திலிருந்து. பிரித்த நூலை நான் வைத்துக்கொண்டேன். எனக்கு அது போதும்.

நம் ஊர்ப் பெருமாள் மாங்காய் ஏற்றிக்கொண்டு ஓசூர் வருகிறார். அவரிடம் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். முனிவேலுக்குச் சிறுத்துப்போனவற்றை இங்கே பக்கத்து வீட்டு நாராயணம்மாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். மீதி எல்லாம் இருக்கிறது. அடியில் பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் இரண்டும் உள்ளன. பள்ளி திறந்து சில நாள்தானே ஆகிறது, உடனே சேர்த்துவிடு. ராஜப்பனிடம் சொல், கேட்டிருந்தால் நான் கடித்திருக்க மாட்டேன். கடிப்பது முனிவேல்தான்.

குழந்தைகளுக்கு எத்தனை துணி வேண்டும் என்பதில் இனி என் வாக்கு வேண்டாம். புகையையும் மழையையும் பார்க்கிறவள் நீ. நீயே முடிவு செய். ஒரே ஒரு வேண்டுகோள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பையைக் காலி செய்து, பெருமாளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பு. அது அங்கே இருக்கும் வரை அவளுக்கு வீடு பிடிபடாது.

ஆசிகளுடன்,
வெங்கடசாமி

---

ஜூஜுவாடி,
13-6-1987

அப்பாவுக்கு முனிலட்சுமி நமஸ்காரம்.

பெட்டி வந்தது. நேற்று இருவரையும் பள்ளியில் சேர்த்துவிட்டோம். ராஜாத்தி நீங்கள் பிரித்த நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போனாள். நஞ்சம்மா குழாயடியில் அவளை நிறுத்தி, "கரை வெச்ச புதுப் பாவாடையா கண்ணு? எங்க எடுத்தாங்க?" என்று கேட்டாள். "பழசுதான். எங்கம்மா உள்ள மறைச்சு வெச்சிருந்தாங்க" என்று இவள் பதில் சொன்னாள். நூலை எடுத்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. போகும் வழியெல்லாம் அவற்றை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

பெட்டியில் வந்தவற்றை அவளே அலமாரியில் அடுக்கினாள். பிறகு பையைக் காலி செய்யச் சொன்னேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து அவற்றோடு அடுக்கினாள்.  அலமாரியிலிருந்து அந்தப் பச்சைப் பாவாடையையும் ஒரு சட்டையையும் எடுத்து மறுபடி பையில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன். "லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போனா கட்டிக்க ஒண்ணு வேணுமில்ல? ஒண்ணு அங்க இருக்கட்டும். மத்ததெல்லாம் இங்க" என்றாள். முனிவேல் தன் பங்குக்கு ஒரு டவுசரைத் திணித்தான்.

எண்ணிக்கையை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அதனால் பை காலியாக வரவில்லை. பச்சைப் பாவாடையின் மேல்மடிப்பை நானும் ராஜாத்தியும் சேர்ந்து பிரித்தோம். நூலை அவளுடைய தீப்பெட்டியிலேயே வைத்து, பையின் ஓரத்தில் செருகியிருக்கிறேன்.

துணியைக் காயவைத்துத்தான் மடித்தேன். இருந்தாலும் வந்ததும் ஒருமுறை வெயிலில் போடுங்கள். இங்கே இன்னும் மழை.

உங்கள் மகள்,
முனிலட்சுமி